எட்வின் ஃபாக்ஸ்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பிக்டன் துறைமுகத்தில் எட்வின் ஃபாக்ஸ் என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிப்போன கப்பல்களில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதானாம். உள்ளே நிற்கவே மனம் கூசியது. இந்தப் பாவக் கப்பலை எதற்குக் காப்பாற்றி வைக்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

மனம் கூசியதில் தப்பே இல்லை. ஆனால் அது கைதிகளுக்கென்று கட்டிய கப்பல் அல்ல. 1853-ல், கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹூக்ளி ஓரம் சால்கியாவில் தேக்கில் கட்டியது. வாடகை கொடுத்தால் யாருக்கும் ஓடும். கிரிமியப் போருக்குச் சிப்பாய்களை ஏற்றியது. சீனக் கூலிகளைக் கியூபாவுக்குக் கொண்டுபோனது. 1858-ல் பிரிட்டிஷ் அரசு அமர்த்தியது. 280 கைதிகள் ஏறினார்கள்.

அன்றைய வழக்கமே அதுதான். தச்சர்கள் வந்து நடுத்தட்டில் தடுப்பு அடித்து, படுக்கப் பலகை போட்டால் சரக்குக் கப்பல் சிறையாகிவிடும். கைதிகளை இறக்கியதும் பிரித்துப் போட்டுவிட்டு அடுத்த சரக்கு. சங்கிலியைவிட எனக்கு இதுதான் நெஞ்சை அடைக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்தின் பிளைமவுத்தில் கிளம்பி, நவம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கைதிகள் வேண்டாம் என்று போராடிக்கொண்டிருந்த காலத்தில், வேலைக்கு ஆளில்லாத மேற்கு ஆஸ்திரேலியா அவர்களைக் கேட்டு வாங்கியது. 1850 முதல் 1868 வரை இது நடந்தது. ஃப்ரீமாண்டில் சிறையைக் கட்டியதும் அந்தக் கைதிகளேதான். அதே 1858 மார்ச்சில்தான், சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு, தீவாந்தர தண்டனை பெற்ற நம்மவர்கள் 200 பேரோடு அந்தமான் குடியிருப்பு தொடங்கியது.

அப்புறம் 1873 முதல் 1880 வரை நான்கு பயணங்களில் குடும்பம் குடும்பமாக நியூசிலாந்துக்கு ஆட்கள் வந்ததும் இந்தக் கப்பலில்தான். பிறகு பாய்மரம் இழந்து, ஆட்டிறைச்சியை உறையவைக்கும் இடமாகி, நிலக்கரிக் கிடங்காகி, 1965-ல் வெறும் ஒரு ஷில்லிங்குக்குக் கைமாறியது.

உடைத்து விறகாக்கியிருந்தால் அந்த 280 பேர் படுத்துக் கிடந்த இடம் என்று காட்ட நமக்கு எதுவுமே இருந்திருக்காது. அதனால்தான் அது இருக்க வேண்டும் என்கிறேன்.

மறுபடி போனால், கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்தியிருக்கும் உலர்துறையின் அடிவரை இறங்கிப் பாருங்கள். மரத்தைப் புழு அரிக்காமலிருக்க அடித்த செம்புக் கலப்புத் தகடு அங்கங்கே இன்னும் ஒட்டியிருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது சால்கியாவில் இழைத்த பலகை.