அந்தச் சட்டை எப்படி நனைந்தது?

கேள்வி: எனக்கு 27 வயது. முதல் பிள்ளை, பெண். கடைசிவரை பிள்ளை தலை திரும்பாததால் சிசேரியன் செய்துதான் எடுத்தார்கள். இன்றைக்கு 12 நாள். இருந்துகொண்டு பால் கொடுக்க முடியவில்லை, தையல் இழுக்கிறது. வலிமாத்திரை பாலில் போய்விடும் என்று அதையும் நிறுத்திவிட்டேன். பிள்ளை கொஞ்சம் சூப்பிவிட்டு அழுகிறாள். வயிறு வெட்டிப் பெற்றவர்களுக்குப் பால் ஊறாது என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். காயம் ஆறவேண்டும் என்று அம்மா இரவில் பிள்ளையைத் தன் அறையில் படுத்திப் போத்தல் பால் கொடுக்கிறா. என் கணவர் வேலைக்குப் போகவேண்டியவர், முன் விறாந்தையில் படுக்கிறார். நான் பத்து மணிக்குப் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் எழும்புகிறேன். விடிய எழும்பும்போது சட்டை நனைந்து கிடக்கிறது. அதையும் அம்மாவே தோய்க்கிறா என்று வெட்கமாக இருக்கிறது. முழுக்கப் போத்தலுக்கே மாற்றிவிடட்டுமா?
ஒரு தாய், சாவகச்சேரி.

பதில்: தங்கச்சி, தையல் இழுக்கிறது, பிள்ளை அழுகிறது, வருகிறவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். இதெல்லாம் எனக்கு வருகிற கடிதங்களில் பாதியில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சட்டை. விடிய எழும்பும்போது சட்டை நனைந்து கிடக்கிறது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அதை யார் தோய்ப்பது என்ற கவலைக்குப் போய்விட்டீர்கள். அது எதனால் நனைந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

அது பால். உங்கள் பிள்ளைக்கு என்று ஊறிய பால். அது சட்டையில் வடிந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை போத்தலைக் குடித்துக்கொண்டிருந்தது. இதை நீங்கள் பால் இல்லை என்று எழுதி அனுப்புகிறீர்கள்!

நஞ்சுக்கொடி கழன்றதும் உடம்பு பாலுக்கு ஆயத்தமாகிவிடும். பிள்ளை எந்த வழியால் வந்தது என்று மார்புக்குத் தெரியாது. சிசேரியன் என்றால் பால் இறங்க ஒன்றிரண்டு நாள் பிந்தலாம், அவ்வளவுதான். உங்களுக்கு அந்த நாள் எப்போதோ கடந்துவிட்டது. பிறகு ஏன் பகலில் பிள்ளைக்குக் காணவில்லை? உங்கள் இரவைப் பாருங்கள். பிறந்த பிள்ளை 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தரம் குடிக்கவேண்டும். பாலை ஊறவைக்கிற புரோலக்டின் என்ற ஹோர்மோன் இரவில்தான் கூட வரும். அந்த நேரம் பார்த்து நீங்கள் ஏழு மணித்தியாலம் ஒரே மூச்சில் நித்திரை. பால் எடுபடாமல் நெஞ்சு கட்டிக் கிடந்தால், இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். பன்னிரண்டு நாளாக அதைத்தான் நீங்கள் உங்கள் உடம்புக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இப்படியே விட்டால் பால் கட்டிக் காய்ச்சலும் வரலாம்.

உங்கள் அம்மா பாசத்தில்தான் செய்கிறா. ஆனாலும் பிழை பிழைதான். பிள்ளையைத் தாயிடம் கொண்டுவந்து தருவது அம்மம்மாவின் வேலை. தாயிடமிருந்து கொண்டுபோவது அல்ல.

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் உங்கள் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து வந்தபோது, என் மச்சாளுக்கு வயிறு வெட்டிப் பிள்ளை எடுத்து ஒன்பது நாள். மழைக்குள் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தோம். ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் பாய் விரித்தோம். மாப்பால் கிடைக்கிற காலமா அது? பிள்ளை முனகினால் மாமி எழும்புவா. மச்சாளை மெல்லச் சரித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு உடுப்பு மூட்டையை அண்டை கொடுப்பா. காயத்தில் கால் படாமல் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துவிட்டு, குடித்து முடியும்வரை பக்கத்திலேயே குந்திக்கொண்டிருப்பா. முடிந்ததும் தோளில் போட்டுத் தட்டி ஏவறை விடச் செய்வா. மச்சாள் படுத்தபடியே திரும்பவும் கண்ணை மூடுவா. உங்கள் வீட்டில் கட்டில் இருக்கிறது, தலையணை இருக்கிறது, அம்மா இருக்கிறா. அந்தக் கை மட்டும் இடம் மாறி நிற்கிறது.

இருந்துதான் கொடுக்கவேண்டும் என்று யார் சொன்னது? இரவில் மாமி செய்தமாதிரிப் படுத்துக் கொடுங்கள். பகலில் இருக்கும்போது, பனையோலைப் பெட்டியைக் கமக்கட்டுக்குள் இடுக்குவதுபோலப் பிள்ளையைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கால் முதுகுப் பக்கம் போகட்டும், தலை உங்கள் உள்ளங்கையில் இருக்கட்டும், கீழே ஒரு தலையணை. வயிற்றில் ஒரு பாரமும் விழாது. காம்பு மட்டும் வாய்க்குள் போனால் போதாது. பிள்ளை வாயை அகலத் திறந்து, கருவளையமும் உள்ளே போகக் கவ்வவேண்டும், நாடி மார்பில் முட்டவேண்டும். கொஞ்சம் சூப்பிவிட்டு அழுகிறாள் என்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

வலிமாத்திரையை நிறுத்தியது வீண் வேலை. பெற்ற தாய்க்கு ஆஸ்பத்திரியில் தருகிற பரசிட்டமோல் போன்றவை பால் கொடுக்கிறவர் என்று தெரிந்துதான் தரப்படுகின்றன. வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் பால் இறங்குவதும் தடைப்படும். சொன்ன அளவில் எடுங்கள். புண் சலம் கட்டும் என்று தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்கவேண்டாம், தாகத்துக்குக் குடியுங்கள். அம்மா உள்ளியும் மிளகும் அரைத்துப் பத்தியக்கறி வைக்கட்டும், பால்சுறாவில் வறை வறுக்கட்டும், வடிவாகச் சாப்பிடுங்கள். ஆனால் எவ்வளவு சுறா தின்றாலும் பிள்ளை வாய் வைக்காத மார்பில் பால் நிலைக்காது.

போத்தலை இன்றைக்கே தூக்கி எறியச் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் பழகிய பிள்ளை, பட்டினி போட முடியாது. முதலில் நாளைக்கே பிள்ளையின் நிறையைப் பார்க்கவேண்டும். இரண்டு கிழமை அளவில் பிறந்த நிறைக்குத் திரும்பியிருக்கவேண்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள். நாங்கள் மிஸ் என்கிறோமே, அவர்தான். வீட்டுக்கு வந்து பார்ப்பது அவரது கடமை. அவர் கண் முன்னால் பால் கொடுத்துக் காட்டுங்கள். மாப்பாலை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவரிடம் கேட்டே செய்யுங்கள். ஒவ்வொரு தரமும் முதலில் மார்பு, பிறகுதான் மற்றது. ஒரு நாளில் ஆறு தரமாவது பிள்ளை சலம் விடவில்லை, குடிக்க எழும்பாமல் தூங்கி வழிகிறாள், கண் மஞ்சளாகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி. உங்கள் காயம் சிவந்து சீழ் வைத்தாலோ உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலோ அதேதான்.

இனி விறாந்தையில் படுக்கிறவர். பிள்ளை அவருக்கும் பிள்ளைதான். வேலைக்குப் போகிற மனிதர் இரவில் இரண்டு தரம் எழும்பினால் ஒன்றும் ஆகிவிடாது. இத்தனை கடிதம் வாசித்த பிறகும் எனக்கு ஆறாத கோபம் இந்த விறாந்தைகள் மீதுதான். பிள்ளை அசைந்தால் தூக்கி உங்களிடம் தருவதும், குடித்து முடிந்ததும் திரும்பத் தொட்டிலில் வளர்த்துவதும் அவர் வேலை. அம்மா பகலில் பார்க்கிறா, இரவில் அவவும் படுக்கவேண்டாமா?

இன்றிரவு படுக்கமுதல் அம்மாவின் அறையில் நிற்கிற தொட்டில் உங்கள் கட்டிலோரம், கை எட்டுகிற தூரத்துக்கு வரவேண்டும். நீங்கள் அதில் கை வைக்கக்கூடாது. ஆறு கிழமைக்குப் பிள்ளையைவிடப் பாரமான எதையும் நீங்கள் தூக்கக்கூடாது. விறாந்தையில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.