வாசகர் கேள்வி – பதில்: விளம்பரத்தில் எவ்வளவு கூட்டிச் சொல்லலாம்?

கேள்வி: 'மலேசியாவிலேயே தலைசிறந்த மூலிகை', '30 நாளில் இனிப்பு நீர் முற்றாகக் குணமாகும்' என்று முகநூலில் வந்த விளம்பரத்தை நம்பி, என் மாமியாருக்காக 380 ரிங்கிட் கொடுத்து ஒரு பொடி வாங்கினேன். டப்பா தீர்ந்தும் சர்க்கரை அளவு இறங்கவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "விளம்பரம் என்றால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், சட்டத்தில் அதற்கு இடமுண்டு" என்கிறார் விற்பனையாளர். அது உண்மையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதல் வாசகத்துக்கு அவர் சொல்வது ஓரளவு பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது. 'தலைசிறந்த' என்பதை எந்த அளவுகோலாலும் அளக்க முடியாது என்பதால், அதை வெறும் வியாபாரப் புகழ்ச்சி என்று நீதிமன்றங்கள் பொதுவாக விட்டுவிடுகின்றன. '30 நாள்', 'முற்றாகக் குணம்' என்பவையோ சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றுகள். வேடிக்கை என்னவென்றால், வானளாவப் புளுகுகிறவர் தப்பிவிடுகிறார்; நம்பத்தகுந்த கணக்குச் சொல்கிறவர்தாம் மாட்டிக்கொள்கிறார்.

இந்த வேறுபாட்டுக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுவது, இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1892இல் தீர்ப்பளித்த கார்லில் வழக்கு. மூக்கில் வைத்து உறிஞ்சும் மருந்தான தன் புகையுருண்டையை முறைப்படி பயன்படுத்திய பிறகும் சளிக்காய்ச்சல் கண்டால் 100 பவுண்டு தருவதாக ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. பயன்படுத்திய கார்லில் என்ற பெண்மணிக்குக் காய்ச்சல் வந்தது. நிறுவனமோ அது வெறும் விளம்பரப் பேச்சு என்று வாதிட்டது. ஆனால், தங்கள் சொல் உறுதியானது என்று காட்டுவதற்காக 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருப்பதாகவும் அதே விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பயனீட்டாளரைத் தவறாக எண்ண வைக்கக்கூடிய கூற்றாக இருந்தாலே அது திசைதிருப்பும் கூற்றாகும். விற்பவர் ஏமாற்றும் எண்ணத்தோடுதான் எழுதினார் என்று நீங்கள் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. விளம்பரத்தின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில், 'பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்' என்று போட்டிருக்கலாம். மேலே கொட்டை எழுத்தில் சொன்னதை அது அழித்துவிடாது.

உங்கள் விவகாரத்தில் அதைவிடக் கடுமையான சட்டமும் இருக்கிறது. இனிப்பு நீர், புற்றுநோய், ஆஸ்துமா முதலிய நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டு மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டம் தடை செய்கிறது. டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இருந்தாலும் இந்தத் தடை நீங்காது. ஆகவே சுகாதார அமைச்சின் மருந்தியல் அமலாக்கப் பிரிவில் தனியாகப் புகார் செய்யுங்கள். பொடியை நம்பி மாமியார் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தியிருந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும் என்பதால், பார்சல் உறையையும் பணம் அனுப்பிய ரசீதையும் எறிந்துவிடாதீர்கள். விற்பனையாளர் அந்த விளம்பரத்தை எந்த நேரத்திலும் நீக்கிவிடலாம். தேதி தெரியும்படி இன்றே அதைப் படம் பிடித்து வையுங்கள்.