குலசாமியும் பங்காளி வேனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்யாணமாகி 15 வருடமாகச் சென்னையில் இருக்கிறேன். ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் கணவர் வீட்டுப் பங்காளிகள் எல்லோரும் வேன் பிடித்து, திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம். வழியெல்லாம் வாந்தி, கோயில் வரிப்பணத் தகராறு, குளிக்க ஒரு மறைவிடம் கிடையாது. கிடாவெட்டைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கூட்டமில்லாத நாளில் நாங்கள் நாலு பேர் மட்டும் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தால் என்ன? பெண் ஜாதகத்தில் குலதெய்வக் குற்றம் இருக்கிறது என்று ஜோசியர் சொல்வதால் போகாமலும் இருக்க முடியவில்லை.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஜோசியரை விடுங்கள், அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டும். கிடா சரியா தப்பா என்ற விவகாரத்துக்கும் நான் வரவில்லை. கோயிலில் உயிர்ப்பலி கூடாது என்ற 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003-இல் தூசி தட்டி எடுத்து, 2004-இல் அதையே ரத்து செய்தது அரசாங்கம். பொதுவாகக் கிடா சாஸ்தாவுக்கு இல்லை, காவல் நிற்கும் பரிவார சாமிக்குத்தான். வெட்டும்போது சாஸ்தாவுக்கு முன்னால் திரை போட்டுவிடுவார்கள். உங்கள் பிள்ளைகளும் அந்த நேரம் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.

என்னை உறுத்தியது வேறு. உங்கள் முழுக் கடிதத்தில் வேனில் யார் யார் எந்த சீட்டு என்பதுவரை இருக்கிறது, சாமி பெயர் இல்லை. எந்தச் சாஸ்தா? கற்குவேல் அய்யனாரா, அருஞ்சுனை காத்த அய்யனாரா? சுற்றிப் பீடமாக நிற்பவர்கள் யார்? அதில் உங்கள் கணவர் வீட்டில் பிறந்து செத்தவர்கள் உண்டா? இத்தனை வருடம் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பொங்கல் வைத்திருக்கிறீர்கள். யாருக்கு வைக்கிறோம் என்று ஒருதரம்கூடக் கேட்கத் தோன்றவில்லையா?

எங்கள் கோயிலில் சாஸ்தாவுக்குத் தெற்கே ஒரு கன்னி உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைதான். வயசுக்கு வருமுன்னே கிணற்றில் போனவள். விழுந்தாளா, தள்ளினார்களா என்பதில் பங்காளிகளுக்குள் இன்னும் இரண்டு கட்சி. வருடா வருடம் அவளுக்குப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன் எல்லாம் ஓலைப்பெட்டியில் போகும். பாவாடையை அத்தைதான் தைப்பாள். அளவுக்கு, வீட்டில் அந்த வயசில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்துவாள். இடுப்பில் நாடாவை வைத்துக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, "இன்னும் ரெண்டு விரக்கடை விடணும், வளர்ற புள்ள" என்பாள். செத்துத் தலைமுறைகள் ஆன பிள்ளை எங்கே வளர? அத்தைக்கு அந்தக் கேள்வியே கிடையாது. பொங்கப்பானைக்கு முன்னால் உட்கார்ந்து ஓலையைத் தள்ளிக்கொண்டே கதை சொல்வாள். கிணறு வரும் இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்தி அடுப்பைச் சரிபண்ணுவாள்.

அப்புறம் கும்பாபிஷேகம் வந்தது. வெளியூரில் சம்பாதித்த பங்காளிகளின் பணம். கிரானைட் தரை, கிராதிக் கதவு. கன்னியின் மண்பீடத்தை எடுத்துவிட்டு நாலு கை வைத்த அம்மன் சிலை. பெயர்ப்பலகையில் முன்னால் ஒரு ஸ்ரீ, பின்னால் ஒரு பரமேஸ்வரி. இப்போது அவளுக்குப் பட்டுப்புடவை சாத்துகிறார்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குப் பட்டுப்புடவை! கேட்டால், "செத்த பிள்ளையைக் கும்பிடுறோம்னு சொன்னா சம்பந்தம் பேச வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்கிறார்கள். பழைய ஆட்கள் குடும்பத்துக் குற்றத்தைக் கும்பிட்டாவது ஞாபகம் வைத்திருந்தார்கள். படித்தவர்கள் கிரானைட் போட்டு மூடிவிட்டார்கள்.

பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே பட்டவராயனுக்குத் தோல் செருப்புதான் காணிக்கை. முத்துப்பட்டன்தான் இந்தப் பட்டவராயன். பிராமணனான அவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் பெண்கள்மேல் ஆசைப்பட்டான். அவர்கள் அப்பா வாலப்பகடை போட்ட நிபந்தனைப்படி பூணூலை அறுத்தான், செருப்புத் தைக்கப் படித்தான், கட்டிக்கொண்டான். மாமனார் வீட்டு மாடுகளைத் திருடர்களிடமிருந்து மீட்கப் போன இடத்தில் செத்தான். பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் இதை விடாமல் பாடி வந்ததால்தான் இன்றைக்கும் அங்கே செருப்பு தொங்குகிறது. கதை போயிருந்தால் அங்கேயும் யாராவது வெள்ளிப் பாதுகை செய்து வைத்திருப்பார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தனியாகப் போனால் கோயில் பூட்டிக் கிடக்கலாம், பூசாரி வேலைக்குப் போயிருப்பார். அது பெரிய விஷயமில்லை, ஃபோன் போட்டுச் சொன்னால் வந்து திறப்பார். ஆனால் கதை தெரிந்த கிழவி வேனில்தான் வருவாள். அவளுக்குப் பக்கத்து சீட்டைச் சண்டை போட்டாவது வாங்குங்கள், உங்கள் பெண்ணையும் கூட உட்கார வையுங்கள். வெளியிலிருந்து வந்த மருமகளிடம் சொல்வாளா என்று தயங்காதீர்கள். அவளும் மருமகளாக வந்து, மாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள்தான். ஆண்கள் வரிக்கணக்கைப் பேசிக்கொண்டு வரட்டும்.

வாந்திக்குக் கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.