கடைசி லீக் ஆட்டங்கள் ஏன் ஒரே நேரத்தில்?

கேள்வி: உலகக் கோப்பைக் கால்பந்தில் ஒவ்வொரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்துகிறார்களே, எதைப் பார்ப்பது, எதை விடுவது? தனித்தனியாக நடத்தினால் என்ன?

பதில்: முன்பு தனித்தனியாகத்தான் நடத்தினார்கள், அதனால் அல்ஜீரியாவுக்கு நேர்ந்த அநீதியே இன்றைய விதிக்குக் காரணம். 1982-இல் ஸ்பெயினில் நடந்த போட்டியில், முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்திருந்த அந்த அணி, ஐரோப்பிய சாம்பியனாக இருந்த மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியது. ஜெர்மனியின் ருமெனிகே கோல் அடித்துச் சமன் செய்த அடுத்த நிமிடமே அல்ஜீரியாவின் பெல்லூமி வெற்றி கோலை அடித்தார். பிறகு ஆஸ்திரியாவிடம் தோற்றாலும், சிலியை 3-2 என வென்று தன் ஆட்டங்களை முடித்துக்கொண்டது.

மறுநாள், ஜூன் 25 அன்று, கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியேறிவிடும் என்பது களமிறங்கும் முன்பே இரு அணிகளுக்கும் தெரியும். தொடக்கத்திலேயே ஜெர்மனியின் ஹ்ருபெஷ் ஒரு கோல் அடித்தார். அதன்பின் வேகம் மெல்லக் குறைந்தது. இரண்டாம் பாதியில் பந்து தடுப்பாட்டக்காரர்களுக்கு இடையிலும், அன்றைய விதி அனுமதித்தபடி கோல்கீப்பரின் கைகளுக்கும் போய்வந்துகொண்டே இருந்தது. அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாள்களை ஆட்டிக் காட்டினார்கள். ஆஸ்திரியத் தொலைக்காட்சி வர்ணனையாளரோ, பெட்டியை அணைத்துவிடும்படி தம் நேயர்களையே கேட்டுக்கொண்டார். 1-0 என்ற முடிவை எதிர்த்து அல்ஜீரியா அளித்த புகாரை ஃபிஃபா ஏற்கவில்லை. விதி எதுவும் மீறப்படவில்லை என்பது உண்மைதான், ஆனால் அதுவே விதியின் ஓட்டையைக் காட்டியது. 1986 உலகக் கோப்பையிலிருந்து கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்துக்கு மாறின.

கேள்வி: அத்துடன் குறை தீர்ந்துவிட்டதா?

பதில்: பெருமளவு தீர்ந்தது, முழுமையாக இல்லை. 2018-இல் போலந்திடம் 0-1 எனப் பின்தங்கியிருந்த ஜப்பான், அதே நேரத்தில் செனகலும் கொலம்பியாவிடம் பின்தங்கியிருப்பதை அறிந்து, கடைசிப் பத்து நிமிடங்களைப் பந்தைத் தட்டியே கழித்தது. புள்ளிகள், கோல்கள் எல்லாம் சமமாக இருந்ததால், எச்சரிக்கையாகக் காட்டப்படும் மஞ்சள் அட்டைகளைச் செனகல் ஆறு பெற்றிருக்க, நான்கு மட்டுமே பெற்ற ஜப்பான் தப்பியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: செனகல் ஒரு கோல் அடித்திருந்தால் ஜப்பான் வெளியேறியிருக்கும். கிஹோனில் இல்லாத அந்த அபாயத்தைத்தான் இந்த விதி கொண்டுவந்தது.

பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட 2026 அமைப்பில், மூன்றாம் இடம் பிடிக்கும் அணிகளில் எட்டுக்கும் வாய்ப்பு உண்டு. எனவே கடைசியாக ஆடும் பிரிவினர், முன்பே முடிந்த பிரிவுகளின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆட முடியும். எட்டுப் பிரிவுகளிலிருந்து இரண்டிரண்டு அணிகளை மட்டும் எடுத்த, 1998 முதல் 2022 வரையிலான முறையே இதைவிட நேர்மையானது என்று நான் கருதுகிறேன்.