வாசகர் கேள்வி–பதில்: சைக்கிள் கூட்டத்துக்குத் தண்ணீர் வண்டி

கேள்வி: என் கணவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் வரும் ஜூலையில் தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா டிராக்கில் மரீயிலிருந்து மார்லா வரை சைக்கிளில் போகிறார்கள். துணைக்கு நானும் என் தம்பியும் ஆளுக்கொரு வண்டி ஓட்டுகிறோம். எவ்வளவு தண்ணீர் ஏற்றுவது? வண்டி அவர்கள் பின்னாலேயே போக வேண்டுமா?
– ஒரு வாசகி, அடிலெய்டு

பதில்: முதலில் தண்ணீர்க் கணக்கை முடித்துவிடுவோம். குடிக்க, சமைக்க, கை கால் கழுவ ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் வையுங்கள். உங்களையும் சேர்த்தால் பதினான்கு பேர், ஆக நாளைக்கு 140 லிட்டர். மரீயிலிருந்து, வழியில் முதலில் வரும் சிற்றூரான வில்லியம் கிரீக் சுமார் 200 கிலோமீட்டர், அந்த மண் சாலையில் மூன்று நாள் ஆகும், மழை பெய்து மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று இன்னொரு நாளையும் சேர்த்தால் 560 லிட்டர். எடையும் 560 கிலோ, இதை டிரெய்லர் தாங்குமா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஒரே தொட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள். சாலை முழுக்கத் துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக இருக்கும், அந்தக் குலுக்கலில் தொட்டி விரிசல் விட்டால் எல்லாமே போய்விடும். பாதியையாவது 20 லிட்டர் கேன்களில் பிரித்து இரண்டு வண்டியிலும் வையுங்கள். வழியில் ஊற்றுகள் உண்டு, பூமிக்கடியில் இருக்கும் பெரிய ஆர்ட்டீசியன் படுகையின் தண்ணீர் மேலே வருகிறது, ஆனால் உப்பும் தாதுவும் கலந்தது. அதை நம்பிக் கேனைக் குறைக்காதீர்கள். கவர்ட் ஸ்பிரிங்ஸில் வெதுவெதுப்பான குளம் ஒன்று இருக்கிறது, காலை வைத்தால் அவ்வளவு சுகம், அதற்கு மட்டும் அந்தத் தண்ணீர் போதும்.

இனி வண்டி. இரண்டுமே பின்னால் ஊர்ந்தால் யாருக்கும் பயனில்லை. ஒன்று முன்னால் போய் 20, 25 கிலோமீட்டரில் நிற்கட்டும், மற்றது கடைசி ஆளுக்குப் பின்னால் வரட்டும். நான் முதன்முதலாக ஒரு கூட்டத்துக்கு ஓட்டியபோது ஒரே வண்டிதான். 25-இல் நிற்பதாகச் சொல்லிவிட்டு, நிழல் கிடைக்கிறதே என்று இன்னும் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஓடைக்கரை மரத்தடியில் போட்டேன். கடைசியாக வந்தவர் திட்டவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை, காலி பாட்டிலை நீட்டினார், கை நடுங்கியது, உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. உங்களை நம்பித்தான் அவர்கள் இரண்டே பாட்டிலோடு கிளம்புகிறார்கள், அதனால் சொன்ன இடத்தில் வெயில் கொளுத்தினாலும் நில்லுங்கள், கடைசி ஆள் குடித்து முடிக்கும்வரை நகராதீர்கள்.

கேள்வி: அதே பாதையில் போக, பஞ்சருக்கு எத்தனை டியூப் எடுத்துப்போவது? பெரிய லாரிகள் வருமா?
– ஒரு வாசகர், சிட்னி

பதில்: டியூபை எண்ணுவதற்கு முன் முள்ளைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் நெருஞ்சியேதான் அங்கேயும், கால்ட்ராப் என்கிறார்கள். சாலையில் அவ்வளவு இருக்காது, முகாம் போட ஓரத்தில் இறங்கும்போதுதான் ஏறும், அதனால் சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒரு ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் ஒரே டயரிலிருந்து பதினேழு முள் பிடுங்கியிருக்கிறேன். டியூப் இல்லாத டயரும் உள்ளே ஊற்றும் பசைத் திரவமும் நல்லது. ஆளுக்கு மூன்று டியூப், கூடவே குறடு.

லாரி வரும். மாடு ஏற்றிய ரோடு டிரெயின்கள், அதாவது பல டிரெய்லர்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும் லாரிகள், சில 53 மீட்டர் நீளம். தூரத்தில் தூசி எழும்பியதுமே வண்டிக்கு வண்டி பேசும் யு.எச்.எஃப். ரேடியோவில் 40-ஆம் சேனலில் "முன்னால் பன்னிரண்டு சைக்கிள்" என்று சொல்லிவிடுங்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்களை மொத்தமாகச் சாலையை விட்டு இறங்கி நிற்கச் சொல்லுங்கள், அந்தத் தூசிக்குள் யாரும் யாரையும் பார்க்க முடியாது. பெரும்பாலான இடத்தில் செல்போன் எடுக்காது, சாட்டிலைட் போனும், ஆபத்தில் இருக்கும் இடத்தைச் சொல்லும் அவசர பீக்கனும் கட்டாயம். 1928-இல் தொடங்கிய, விமானத்தில் வந்து மருத்துவம் பார்க்கும் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சேவைதான் அந்தப் பக்கத்துக்கு இன்றும் மருத்துவ உதவி, அவர்கள் எண்ணைக் காகிதத்தில் எழுதி இரண்டு வண்டியிலும் ஒட்டுங்கள்.

மழை பெய்து சாலையை மூடிவிட்டால் அப்படியே இருந்துவிடுங்கள். அந்தக் களிமண் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு சுழலவே விடாது, மூடிய சாலையில் போனால் அபராதமும் உண்டு.

கேள்வி: முடியாதவர் வண்டியில் ஏற மறுத்தால்?
– அதே வாசகி

பதில்: மறுப்பார்கள், மற்றவர்கள் முன்னால் ஏறக் கூச்சம். எல்லார் காதிலும் விழும்படி "ஏறுங்க" என்று கூப்பிடாதீர்கள். பக்கத்தில் போய் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீரும் உப்பு போட்ட எதையாவது ஒன்றையும் கொடுங்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனார், என்ன நிறம் என்று நேரடியாகவே கேளுங்கள். பேச்சு குழறினாலோ, வெயிலில் குளிர்கிறது என்றாலோ அவர் சம்மதத்துக்குக் காத்திருக்காதீர்கள், வண்டியில் ஏற்றி உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே டாக்டருக்குப் போன் போடுங்கள். வெறும் அசதிதான் என்றால், மதியம் வண்டியில் வரட்டும், ராத்திரி நன்றாகத் தூங்கட்டும். மறுநாள் காலையில் டிரெய்லரிலிருந்து முதலில் அவர் சைக்கிளை இறக்கிக் காற்றடித்து வையுங்கள்.