தூண்டில் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மகன் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வேலை செய்கிறான். அவன் வீட்டருகே லேடி பர்ட் ஏரி. பாஸ் மீன் உண்டாம். இங்கே மலேசியாவில், ரவாங்கின் பழைய ஈயச்சுரங்கக் குட்டைகளில் தோமான் (பெரிய விரால் வகை) பிடித்த தூண்டிலையே கொண்டுபோகலாமா? (வாசகர், செந்தூல்)

பதில்: தடியைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். தூண்டில் நரம்பை மட்டும் மாற்றுங்கள். தோமானுக்குப் போடும், 50 பவுண்டு இழுப்பைத் தாங்கும் பின்னல் நரம்பு, தெளிந்த தண்ணீரில் மீன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். 8 அல்லது 10 பவுண்டு ஃபுளோரோகார்பன் (தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாத நரம்பு) போதும்.

பெயர்தான் ஏரி. டெக்சாஸின் கொலராடோ ஆற்றில் 1960இல் அணை கட்டியதால் தேங்கிய தண்ணீர் அது. பார்க்க ஆறு போலத்தான் இருக்கும். நீரோட்டம் இருந்தால் பாஸ் அதை எதிர்நோக்கி, பாலத்தூண், விழுந்த மரம் இவற்றின் மறைவில் நிற்கும். அதனால் மேல்பக்கமாக வீசி, ரப்பர் புழுவை ஓட்டத்தோடு வர விடுங்கள். முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துக் குத்தினால் பாசியில் சிக்காது. நம்ம ஊர் பீகாக் பாஸுக்கு இழுக்கிற மாதிரி விறுவிறுவென்று இழுக்காதீர்கள். இழுத்து, நிறுத்தி, நரம்பைப் பாருங்கள். லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தால், அப்புறம் யோசிக்க வேண்டாம், தடியைத் தூக்குங்கள். வெயில் ஏறிவிட்டால் பாலத்து நிழல்தான் கதி.

பெட்ரோல் எஞ்சின் படகுக்கு அங்கே தடை; கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். சுற்றுலா போகிறவரும் டெக்சாஸ் மீன்பிடி உரிமம் எடுக்க வேண்டும், மறக்காதீர்கள்.