விஸ்கி ருசி பார்ப்பது: சேலத்து நண்பர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

பத்து வருடமாக வெவ்வேறு விஸ்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்து, தோன்றியதை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். தொழில் இல்லை, பிரியம்தான். போன டிசம்பரில் ஏற்காட்டில் நான்கு பேர் உட்கார்ந்து நான்கு விஸ்கியை ஒப்பிட்டோம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. 21 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் இந்தப் பதில்கள்.

ஓமலூர் தம்பி: அண்ணா, நான்கு விஸ்கி ஒரே ராத்திரியில் என்றால் மட்டையாகிவிட மாட்டோமா?

அளவைப் பாருங்கள் தம்பி. ஒவ்வொன்றிலும் 15 மில்லி, நான்கும் சேர்த்து 60. அதாவது ஒரே ஒரு லார்ஜ். இரண்டு மணி நேரம் அதையேதான் வைத்துக்கொண்டிருந்தோம். குவாட்டரை உடைத்து கட்டிங் போடுகிற வேகத்தில் இதைச் செய்தால் இரண்டாவது கிளாஸுக்கு மேல் நாக்கு மரத்துவிடும், அப்புறம் எதை ஒப்பிடுவது? இன்னொன்று, ராத்திரி அங்கேயே தங்கிவிட்டோம். ஒரு மடக்கு குடித்திருந்தாலும் அந்த 20 ஹேர்பின் வளைவுகளில் வண்டியை இறக்கக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அம்மாபேட்டை நண்பர்: என்னென்ன வைத்தீர்கள்? எது ஜெயித்தது?

பெங்களூரு அம்ருத் ஃபியூஷன், அயர்லாந்து ஜேம்சன், ஸ்காட்லாந்து விஸ்கியான, அதாவது ஸ்காட்ச்சான 12 வருட பிளாக் லேபிள், அப்புறம் நம் ஊரில் எல்லோரும் வாங்குகிற விலை குறைந்த விஸ்கி ஒன்று. நண்பரின் மனைவி உள்ளறையில் ஊற்றி, கிளாஸ் அடியில் நம்பர் ஒட்டிக் கொண்டுவந்தார். எங்களிடம் இருந்த ஃபியூஷனில் 50 சதவீதம் ஆல்கஹால், மற்றவை 40, 42.8 அந்த வாக்கில். அப்படியே வைத்தால் காரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் இல்லையா, அதனால் அதில் மட்டும் அரை டீஸ்பூன் தண்ணீர் விடச் சொல்லியிருந்தேன். 15 மில்லிக்கு அந்த 2.5 மில்லி சேர்ந்தால் கிட்டத்தட்ட 42.8க்கு இறங்கிவிடும்.

ஸ்காட்ச் தவிர வேறு தொட மாட்டேன் என்கிற நண்பர் முதலிடம் கொடுத்தது ஃபியூஷனுக்கு. இரண்டு பேர் அந்த விலை குறைந்ததை இரண்டாம் இடத்தில் வைத்தார்கள். நான் ஜேம்சனை ஸ்காட்ச் என்று எழுதியிருந்தேன். கிளாஸைத் திருப்பி நம்பரைப் பார்த்த அந்த நிமிடத்திலிருந்து, லேபிளைப் பார்த்துக்கொண்டே மார்க் போடுவதை நான் விட்டுவிட்டேன். நீங்களும் ஒரு முறை கண்ணை மறைத்துச் செய்து பாருங்கள், விலையும் பெயரும் நம் நாக்கை எவ்வளவு தூரம் பிடித்து வைத்திருக்கின்றன என்று தெரியும்.

ஏற்காடு அக்கா: எஸ்டேட்டில் காபி கப்பிங், அதாவது காபியை முகர்ந்து ருசித்துத் தரம் பார்க்கிற வேலை, செய்கிறேன். அதே முறைதானா இதுவும்?

பாதிக்கு மேல் அதே முறைதான் அக்கா, உங்கள் மூக்கு ஏற்கெனவே பழகிய மூக்கு. ஒரே வித்தியாசம், காபி மாதிரி கிளாஸுக்குள் மூக்கை விட்டு இழுக்காதீர்கள், ஆல்கஹால் ஆவி சுரீரென்று ஏறி மூக்கை அடைத்துவிடும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, கிளாஸை முகவாய்க்கு நேராகப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். மூக்கு களைத்தால் உங்கள் கையை மடக்கி முழங்கை உள்பக்கத்தை ஒரு முறை முகர்ந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும்.

வாசனைக்குப் பெயர் வைக்க வெளிநாட்டுப் பழங்களைத் தேட வேண்டாம். என் நோட்டில் ஃபியூஷனுக்கு எதிரே 'வெல்லப்பாகு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், அணைத்த அடுப்பு' என்று இருக்கிறது. அந்த அடுப்பு வாசனைக்குக் காரணம் உண்டு: இந்திய பார்லியோடு, பீட் என்கிற கரிமண் புகையில் உலர்த்திய ஸ்காட்லாந்து பார்லியும் அதில் சேர்கிறது. ஐலா தீவின் லாஃப்ராய்க் மாதிரி விஸ்கிகளில் இதுவே பல மடங்கு தூக்கலாக, டிங்க்சர் அயோடின் போட்ட புண் மாதிரி அடிக்கும். புகை விஸ்கியைக் கடைசியில் வையுங்கள், அதற்குப் பிறகு வேறு எதுவும் தெரியாது.

ஆத்தூர் நண்பர்: தண்ணீர் கலந்தால் கெட்டுவிடும், ராவாகத்தான் அடிக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. முதல் மடக்கு ராவாக, அப்புறம் சில சொட்டுத் தண்ணீர். ஸ்வீடனில் 2017இல் கணினி வழியாகச் செய்த ஓர் ஆய்வு, விஸ்கியின் புகை மணத்துக்குக் காரணமான குவாயகால் என்ற வேதிப்பொருள், தண்ணீர் சேர்ந்து ஆல்கஹால் குறையும்போது மேற்பரப்புக்கு வருகிறது என்று காட்டியது. ஐஸ் வேறு விஷயம், குளிர்ச்சியில் வாசனை அமுங்கிவிடும். ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில், அறையே 36 டிகிரி இருக்கும்போது, கிளாஸை எடுத்தாலே வெறும் ஆல்கஹால் நெடிதான் வரும். அதனால்தான் ஏற்காட்டுக் குளிரில் வைத்தோம். கீழே என்றால் ஏசி அறையில் செய்யுங்கள்.

ஹஸ்தம்பட்டி சார்: 12 வருடம், 18 வருடம் என்று போட்டால்தான் நல்ல சரக்கா? இந்திய மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில் செய்கிற விஸ்கியில், வயதே போடுவதில்லையே?

லேபிளில் இருக்கும் வயது, உள்ளே கலந்தவற்றில் மிகக் குறைந்த காலம் பீப்பாயில் இருந்ததன் வயது சார். நிறத்தையும் நம்பாதீர்கள், ஸ்காட்சில் கேரமல் நிறம் சேர்க்க சட்டமே அனுமதிக்கிறது. வயது விஷயத்தில் ஊர் வெப்பம்தான் பெரிய கணக்கு. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது, பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம். தேவதைகளின் பங்கு என்பார்கள். மரமும் சரக்கும் அதே வேகத்தில் பேசிக்கொள்வதால் இங்கே நாலைந்து வருடத்திலேயே நன்றாக விளைந்துவிடுகிறது, 18 வருடம் வைத்தால் பீப்பாயில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பெங்களூரிலேயே இப்படி என்றால் நம் சேலத்தில் ஒரு கிடங்கு வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே சார்: அந்த விலை குறைந்த விஸ்கி எதில் செய்கிறார்கள்?

பெரும்பாலும் கரும்பாலை மொலாசஸில் இறக்கிய மணமற்ற ஸ்பிரிட், அதோடு கொஞ்சம் மால்ட். ஐரோப்பாவில் இதை விஸ்கி என்று விற்க முடியாது, அங்கே தானியம்தான் மூலப்பொருளாக இருக்க வேண்டும். ஆனாலும் எங்களில் இரண்டு பேருக்கு அது பிடித்திருந்தது, அதையும் மதிக்கிறேன்.

ஓமலூர் தம்பி மறுபடி: சைடு டிஷ்? கிளாஸ் எது?

ருசி பார்க்கும்போது உப்பில்லாத பொரியும் தண்ணீரும் மட்டும். தட்டுவடை செட் எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பூண்டுச் சட்னி ஒரு வாய் போனால் கதை முடிந்தது. கிளாஸ், வாய் குறுகியதாக இருக்க வேண்டும், சின்ன வைன் கிளாஸ் போதும். டீக்கடை கிளாஸ் மேலே விரிந்திருப்பதால் வாசனை நிற்காது.

சூரமங்கலம் நண்பர்: சுகர் மாத்திரை போடுகிறேன், 15 மில்லி பரவாயில்லையா?

உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டும் வேண்டாம்.

அம்மாபேட்டை நண்பர்: மிச்ச பாட்டிலை எப்படி வைப்பது?

நிமிர்த்தி, வெளிச்சம் படாமல். படுக்க வைத்தால் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும், என் பீரோவில் ஒரு பாட்டிலின் தக்கை அப்படித்தான் திறக்கும்போது பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது, காபி வடிகட்டியில் வடித்துத்தான் குடித்தோம். பாட்டிலுக்குள் போன பிறகு விஸ்கிக்கு வயது ஏறாது, பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சில மாதங்களில் முடித்துவிடுங்கள். அடுத்த முறை ஏற்காட்டுக்கு நான் கொண்டுபோகப் போவது அந்த மாதிரி மூன்று பாட்டில்கள்தான்.